கணினி பஸ்ஸில் போன நாள்

எங்கள் வீட்டுக் கணினி வைரஸ் பிடித்துப் படுத்தபோது எனக்கு ஒன்பது வயது. எனக்குப் போனது ஒரு விளையாட்டு மட்டும்தான். ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, அதைவிடப் பெரிய இழப்பு. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பொழுதுபட்டால் எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணிப் பக்கம் பஸ் கிடைப்பது கடினம். ஆகவே மிச்ச வேலையைப் பென்டிரைவில் கொண்டுவந்து வீட்டில் முடிப்பாள். அலுவலக முகாமையாளரும் அதற்குச் சம்மதித்திருந்தார்.

கணினி திருத்த வந்தவர், பழைய சிஸ்டத்தையே மறுபடி ஏற்றிவிடலாம் என்றார். அது காசு கொடுக்காமல் பிரதியெடுத்தது என்பது அப்போதுதான் வாப்பாவுக்குத் தெரியவந்தது. வாப்பா அரிசி ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். கணினியை அவர் தொட்டதே இல்லை.

“களவுச் சாமான் என்ட ஊட்டுல வேணாம்” என்றார்.

முறையாக வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டம் வந்தது. இரண்டு நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் ராத்தா வாடிப்போய் வந்தாள். வீட்டில் செய்த கடிதத்தை அலுவலகத்தில் திறந்தபோது தமிழ் முழுவதும் கட்டங்கட்டமாகத் தெரிந்ததாம். அச்செடுத்தால் அட்டவணையின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்ததாம். இனி எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள் என்று முகாமையாளர் சொல்லிவிட்டார்.

“இருட்டினாப் பிறகு நான் எப்பிடி வாற? வேலைய விடத்தான் வேணும். பழையதையே போட்டுத் தாங்களன் வாப்பா.”

வாப்பா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். பிறகு கேட்டார்: “ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எங்க பிழையெண்டு தெரியும்தானே?”

மறுநாள் காலை கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு ராத்தாவோடு பஸ் ஏறினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். வயர்களும் மௌசும் என் பையில். வழி முழுவதும் பெட்டியை மடியில் வைத்திருந்தார். அலுவலக வாசலில் காவலாளி முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

முகாமையாளர் வாப்பாவைவிட மிகவும் இளையவர். உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். வாப்பா உட்காரவில்லை.

“சேர், ஒரு அரை மணித்தியாலம் தாங்க. சரிவராட்டி நானே மகளக் கூட்டிட்டுப் போறன்.”

ராத்தா அங்கே சும்மா இருந்த ஒரு திரையையும் விசைப்பலகையையும் எங்கள் பெட்டியோடு பொருத்தினாள். அலுவலகத்தின் தமிழ் எழுத்துருவை எங்கள் கணினியில் ஏற்றி, கடிதத்தை அதிலேயே மாற்றியதும் எழுத்துகள் இரண்டு திரையிலும் ஒன்றுபோல் வந்தன. ஆனால் அச்சில் ஓரம் மறுபடியும் வெட்டுப்பட்டது. அரை மணித்தியாலம் முடியப்போகிறது. வாப்பா அச்சுத் தாளை எடுத்து விரலால் அளந்தார்.

“மகள், நம்மட பெட்டி நினைக்கிற தாளும் இந்தத் தாளும் ஒரே அளவா?”

ராத்தா தேடிப் பார்த்தாள். அலுவலகத்தில் ஏ-ஃபோர். எங்கள் கணினியில் அதைவிட அகலமான வேறொரு அளவு. அதை மாற்றி மீண்டும் அச்செடுத்தாள். அட்டவணையின் நான்கு கோடுகளும் முழுதாக வந்தன.

முகாமையாளர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “சரி, முந்தின மாதிரியே செய்யுங்க” என்றார்.

“நன்றி சேர்” என்றார் வாப்பா. சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் சொன்னார்.

ராத்தா வேலைக்கு இருந்துவிட, நானும் வாப்பாவும் பெட்டியோடு திரும்பினோம். பஸ்ஸில் கேட்டேன்: “கதிர தந்தும் ஏன் வாப்பா இருக்கல்ல?”

“நிண்டா அலுவல் கெதியா முடியும் மகள்.”

நின்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பதை அப்படியே நம்பினேன். விடுமுறை முடிந்து அடுத்த தவணையில் ஒரு கையெழுத்துக்காகப் பள்ளி அதிபரின் அறைக்குப் போனேன். அவர் கதிரையில் இருக்கச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தேன். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவர் மெச்சினார். அலுவல் கெதியாக முடியட்டும் என்றுதான் நான் நின்றேன்.