மதினி சொன்ன படங்கள்

போடியில் ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போன பெண்கள் நாங்கள். பச்சை தனி, வெளிறியது தனி, வெடித்தது தனியென்று சொளகில் பிரிக்க வேண்டும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சினிமாக் கதை சொல்கிறவள் காயைத் தொட வேண்டாம். அவள் பங்கை மற்றவர்கள் பொறுக்கிக் கொடுப்போம். கதைக்குக் கை வேண்டுமே. எழுபதுகளின் கடைசியில் அப்படிக் கைவீசி உட்கார்ந்திருந்தவள் என் மதினி, அண்ணன் பெண்டாட்டி. எனக்கு வயிறு எரியும்.

அண்ணன் ஞாயிறுதோறும் அவளை டாக்கீசுக்குக் கூட்டிப் போவான். என் வீட்டுக்காரரோ குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டிவிட்டு வந்து குப்புறப் படுத்துவிடுவார். அந்தக் கதை சொல்லும் இடம் எனக்கு வேண்டும். பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு நானும் படம் பார்த்தேன், பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். பேய்ப்படத்தில் பேய் முள்ளுக்காட்டுக்குள் ஓடியும் வெள்ளைச் சேலை கிழியவில்லை. சண்டைப்படத்தில் அடி விழுமுன்பே ஆள் விழுகிறான். அழுகைப் படத்தில் சாகக் கிடக்கிறவள் இருமாமல் முழுப் பாட்டும் பாடுகிறாள். சாமிப்படத்துச் சூலம் வெறும் அட்டை, நுனி மடங்கியிருந்தது. ஒருத்தியும் நிமிரவில்லை. "சரித்தா, வெரசாப் பொறுக்கு" என்றார்கள்.

அப்புறம் ஒரு குடும்பப் படத்தை மதினி சொன்னாள். மாமியார் விரட்டிவிட்ட மருமகள், கொட்டுகிற மழையில் கைப்பிள்ளையோடு மலையிறங்குகிறாள். பாதையில் யானை. பிள்ளையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "நான் பெத்தவ, வழிய விடு" என்கிறாள். யானை ஒதுங்குகிறது. கடையே மூக்கைச் சிந்தியது. நானும் அழுதேன், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்துக்குப் போனேன். மழையும் இல்லை, யானையும் இல்லை. மருமகள் காரில் இறங்கி வருகிறாள், மாமியார் மன்னிப்புக் கேட்கிறாள், படம் முடிந்ததென்று வணக்கம் போட்டுவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கள்கிழமை மதினி வாய் திறக்குமுன்னே எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

"யானையுமில்ல, ஒண்ணுமில்ல. அவ கார்ல வர்றா. மதினி புளுகுது."

மதினி தானும் காய் பொறுக்கச் சொளகை மடிக்கு இழுத்தாள். சிலமலையிலிருந்து காய் பொறுக்க வரும் அத்தை என்னைப் பார்த்தாள்.

"கார்லயா வர்றா?"

"ஆமா."

"அப்பப் படந்தேன் சரியில்ல" என்றவள், மதினியின் மடியிலிருந்த சொளகைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். "நீ யானையச் சொல்லுத்தா."

மதினி சொன்னாள். இந்தத் தடவை யானையோடு ஒரு குட்டியும் நின்றது. பாவி, அதற்கும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.