டீசல் எங்கே போகிறது: தொப்பம்பட்டி போய்வந்த 147 கிலோமீட்டர்

சின்ன சரக்கு வண்டி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "உண்மையில லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அதைக் கண்டுபிடிக்கவே வண்டியில் ஏறினேன். என் மனைவி ஏற்றிவிட்டாள் என்பதே சரி.

நான் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். மனைவி பிலோமினா நாகல் நகரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். கடையின் முக்கால் டன் வண்டியை அந்தோணி ஓட்டுகிறார். விற்றவர் லிட்டருக்கு இருபது என்றார். அதை யார் நம்பினார்கள்! ஆனால் அதே பாதையில் அதே மாதிரி வண்டி ஓட்டும் பக்கத்துக் கடைக்காரருக்குப் பதினாறு வந்தது. எங்களுக்குப் பதினான்கு.

"ஒண்ணு வண்டி குடிக்கணும், இல்ல அந்தோணி டீசல விக்கணும். நீங்க கூட இருக்கைல பதினாறு வந்துச்சுன்னா, திங்கக்கெழமையே வேற ஆள் பாத்துருவோம்" என்றாள்.

காலை 5.10க்கு பெட்ரோல் பங்கில் டேங்க் ததும்ப நிரப்பினோம். நான் இறங்கி டேங்க் வாய்ப் பக்கம் போய் நின்றேன். "அளக்கத்தான வாரீங்க சார்? நல்லா குனிஞ்சு பாத்துக்கங்க" என்றார் அந்தோணி. அவர் கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் முகம் சூடானது.

ஒட்டன்சத்திரத்தில் 6.15க்கு டீ, ஒன்று 12 ரூபாய். போகும்போது வண்டி காலி. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. பரீட்சை ஹாலில் பிட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு குறையும் அகப்படவில்லை.

தொப்பம்பட்டிப் பக்கம் ஏழு தோட்டங்களில் முருங்கையும் தக்காளியும் ஏற்ற வேண்டும். தோட்டத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். அந்தோணி எங்கேயும் இன்ஜினை அணைக்கவில்லை. மூன்றாவது தோட்டத்தில், மாட்டிக்கொண்டான் மனுஷன் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் தோட்டத்துக்கார அம்மா முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, இன்னிக்காச்சும் வண்டிய அணைக்கக்கூடாதுங்களா? புகை தாங்கலைங்க."

"அணைச்சா மறுபடி நீங்கதான்க்கா தள்ளணும்."

"அய்யோ, வேண்டாமுங்க. போன மாசம் தள்ளுன இடுப்பு வலியே இன்னும் போகலைங்க."

அந்தோணி என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "செல்ப் எடுக்காது சார். பேட்டரி செத்துப் போச்சு."

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. சித்திரையிலேயே சொன்னார், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றேன். ஆடியில் சொன்னார், பரீட்சை முடியட்டும் என்றேன். அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை, நானும் மறந்துவிட்டேன். சரக்கோடு வண்டியைத் தெருவில் நிறுத்திவிடக் கூடாதே என்று அவர் நாள் முழுக்க இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார்.

ஏழு தோட்டத்திலும் வண்டி நின்றபடி குடித்த நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். மாலை அதே பங்கில் பத்தரை லிட்டர் பிடித்தது. 147ஐ வகுத்தால் பதினான்கு. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை 5,400 ரூபாய்க்கு பேட்டரி மாற்றினேன்.

நீங்களும் அளந்து பாருங்கள். ஒரே பங்கில், சமதளத்தில் நிறுத்தி, ததும்ப நிரப்பி, வழக்கமான சரக்கோடு ஒருநாள் ஓட்டுங்கள். நிற்கிற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் ஏதாவது பழுது சொன்னால் அன்றைக்கே பாருங்கள். சந்தேகம் அதற்கப்புறம் வரட்டும்.

அடுத்த சனிக்கிழமை அந்தோணி தனியாகப் போனார். மாலை பங்கிலிருந்து போன் வந்தது. "செத்த வாங்க சார். நீங்க வந்தாத்தான் டீசல் போடச் சொல்லுவேன்."

போனேன். அதே 147 கிலோமீட்டர், 9.2 லிட்டர். பதினாறுக்கு ஒரு நூல் குறைவு.

"எதுக்கு அந்தோணி? நான் நம்புறேன்" என்றேன்.

"நீங்க நம்புவீங்க சார். குனிஞ்சு பாத்துட்டு, வீட்ல போய்ச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன்.