நான்காம் மாடியில் எள்

கண்ணேறு பட்டால் குழந்தையின் உதடு வீங்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? நம்பினால் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அந்தப் பொல்லாத கண், எள் தின்ற நாளில் மட்டும் ஏன் படுகிறது?

நவ்வாஃபின் சொந்தக்காரர்களிடம் இதற்குப் பதில் இல்லை. ஜோர்டானில், கராக் பக்கத்துச் சிற்றூரில் அவருடைய இளைய மகள் ரீமாஸுக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தபோது, நீல மணி வாங்கிக் கட்டினார்கள். அது போதாதென்று ஓதுகிறவர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஓதி, ஊதி, ஆசையாக ஒரு துண்டு ஹல்வாவை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். அங்கே ஹல்வா என்றால் பாதிக்குப் பாதி எள்விழுது. ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிட ஓட்டம். பிள்ளை பிழைத்தது. தன் ஓதலால்தான் பிழைத்தது என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு மருந்து தலைநகர் அம்மானில் இருந்தது. அந்த எள்விழுதையே தினம் குண்டூசித் தலையளவு கொடுத்து, வாராவாரம் டாக்டர் முன்னால் அளவைக் கூட்டி, உடம்பைப் பழக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை உயிரோடிருக்க ஒரு குடும்பமே ஊரைவிட்டுப் பெயர வேண்டுமா என்று நவ்வாஃப் உள்ளூர் சுகாதார அலுவலகத்தில் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். மூன்று நாளாக.

அதுவரை ஓட்டிய பாஸ்பேட் லாரியை விட்டுவிட்டு நவ்வாஃப் அம்மானில் தண்ணீர் லாரி ஓட்டினார். நான்காம் மாடியில் இரண்டு அறை.

டாக்டரம்மா கண்டிப்பானவர். "மருந்து குடுத்து ரெண்டு மணி நேரம் பிள்ளை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. இன்னொண்ணு. கண்ட இடத்துல எள்ளைத் தின்னு இன்னொரு தடவை வீங்கிச்சுன்னா, சிகிச்சையை நிறுத்திருவேன். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

ரீமாஸை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது, தண்ணீர் லாரியைத் தலையில் தூக்குவதைவிடக் கடினம். அவள் உட்கார வேண்டுமென்றால் எல்லோரும் உட்கார வேண்டும். ஆகவே தினமும் ஐந்து மணிக்கு நவ்வாஃப், மனைவி சுஹாத், மூத்த மகள் ஷதா மூவரும் கைதிகள்போல ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். இருபது வருடமாக அக்காபா துறைமுகச் சாலையில் லாரியிலேயே வாழ்ந்த மனிதர் அவர். வீடு அவருக்குச் சட்டை மாற்றும் இடம். முதல் வாரம் சுவரைப் பார்த்தார். இரண்டாம் வாரம் சீட்டுக்கட்டு வந்தது. அப்போதுதான், பதினாறு வருடம் கழித்து, ஷதா இடக்கைக்காரி என்று கண்டுபிடித்தார்.

"எப்பத்துலேர்ந்து?" என்றார்.

"நேத்திலேர்ந்து பாபா," என்றாள் ஷதா. "நீங்க சீட்டை முழங்காலுக்கடியில ஒளிக்கிறீங்களே, அது எப்பத்துலேர்ந்து?"

சுஹாத் சிரித்துப் பாயில் சாய்ந்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதும் அவருக்குப் புதுச் செய்திதான்.

சிக்கல் தட்டுகளால் வந்தது. புதுக் குடித்தனம் என்று மூன்றாம் மாடிக் கிழவி உம்மு குதைபா, எள் அப்பிய பராஸிக் பிஸ்கட் ஒரு தட்டு அனுப்பினாள். மறுப்பது அவமரியாதை. உள்ளே கொண்டுபோனால் ஆபத்து. உண்மையைச் சொல்லலாமே என்றார் நவ்வாஃப்.

"ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கோம்," என்றாள் சுஹாத். "அந்த வீட்ல வியாதின்னு பேர் வந்தா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

பெண்பிள்ளையின் மூச்சைவிட அவளைக் கேட்டு வரப்போகிறவனின் முகச்சுளிப்பு பெரிதாகிப்போன உலகம் இது! அதனால் மூவரும் முறைவைத்துப் படிக்கட்டில் நின்றே தட்டைக் காலிசெய்து, வாய் கொப்பளித்து, சட்டை மாற்றி உள்ளே போனார்கள். தட்டை வெறுமனே திருப்பக் கூடாதென்று சுஹாத் அதில் பால்சோறு வைத்தனுப்பினாள். பால்சோறு ருசித்தது, உம்மு குதைபா இரண்டு தட்டு அனுப்பினாள். சேதி பரவி மற்ற மாடிகளும் அனுப்பின. மூன்று மாதத்தில் நவ்வாஃப் ஒன்பது கிலோ ஏறினார்.

ஒரு வியாழக்கிழமை அவரும் சுஹாத்தும் படியில் நின்று வாய் நிறைய மென்றுகொண்டிருந்தபோது, உம்மு குதைபாவே இன்னொரு தட்டோடு ஏறி வந்தாள். ஷதாவின் அப்பா என்பதால் நவ்வாஃப் அவளுக்கு அபூ ஷதா.

"அடடே அபூ ஷதா! என் தட்டு உங்க வாசப்படி தாண்டாதோ? பூனை மாதிரி இங்க நின்னு திங்கிறீங்க!"

கதவு திறந்தது. சத்தம் கேட்ட ரீமாஸ் வெளியே வந்து நின்றாள்.

"நீயாவது உள்ள வச்சுத் தின்னு கண்ணு," என்று உம்மு குதைபா ஒரு பராஸிக்கைப் பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

நவ்வாஃபால் கத்த முடியவில்லை. வாய் முழுக்க அவள் பலகாரம். நான்கு படியை ஒரே தாவாகத் தாவினார். பிஸ்கட் ஒருபக்கம், தட்டு ஒருபக்கம், கிழவியின் செருப்பு முதல் மாடியில். ஷதா ஓடிவந்து தங்கையைத் தூக்கிக்கொண்டாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உமக்கு?"

அவர் விழுங்கினார். "எள்ளு தின்னா என் பிள்ளை செத்துப்போகும், உம்மு குதைபா. அதுக்குத்தான் ஊரை விட்டு வந்தோம். வெளிய சொல்ல வெக்கப்பட்டோம்." சுஹாத் தலைகுனிந்தாள்.

"என்னைக் கட்டிக்க வர்றவன் எள்ளுக்குப் பயப்படுறவன்னா, அவன் வரவே வேணாம்மா," என்றாள் ஷதா.

உம்மு குதைபா தரையில் கிடந்த பிஸ்கட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "மூணு மாசமா நான் விஷத்தையாடா தட்டுல வச்சனுப்பினேன்? முந்தியே சொல்றதுக்கென்ன, கழுதைங்களா!" என்று அழுதுகொண்டே திட்டினாள். அன்று மாலையே ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் அதட்டினாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவளுடைய தட்டு வாசப்படி தாண்டி உள்ளே வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: மாவு, நெய், சீனி, பேரீச்சை. எள் இல்லை, குர்ஆன் மேல் சத்தியம்.

"சத்தியம் வேணாம் உம்மு குதைபா, சீட்டு போதும்," என்றார் நவ்வாஃப். பக்கத்து வீட்டுப் பலகாரத்தை ரீமாஸ் கடித்தது அதுவே முதல் தடவை. பாயில் உம்மு குதைபாவுக்கும் இடம் கொடுத்துச் சீட்டுப் போட்டார்கள். அவளும் ஏமாற்றினாள்.

நீங்களும் அடுத்த வீட்டுக்குத் தட்டு அனுப்புகிறவர்தானே? ஒரு துண்டுத் தாள் எடுத்து, அதில் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதி, மேலே வைத்து அனுப்புங்கள். இன்றைக்கே.