உதிர்ந்த இலை மட்டும்

கவரை ஒட்டுவதற்கு முன்னால் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பதினோரு வருடம் இதே பழக்கமாக இருந்தது. பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் ஒதுக்க மாட்டாள். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பது. பிறகு நன்றிக் கடிதத்தின் மடிப்புக்குள் இலையை வைத்து, ஈரப் பஞ்சால் கவரின் வாயைத் தடவி மூடுவாள்.

அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரசீது அக்கா. கழிமுகத்துச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களைக் காக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைத் திரட்டும் சின்னத் தொண்டு நிறுவனம் அது. பிள்ளைகள் முழங்கால் சேற்றில் இறங்கிக் கன்று நடுவார்கள், வேரில் சிக்கிய வலைகளை அறுத்தெடுப்பார்கள். அதற்குப் பணம் தருகிறவர்களோடு பேசுவதும் அவர்களுக்கு எழுதுவதும் இவள் வேலை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு துணிக்கடை. அங்கே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் எதிரே நிற்பவருக்கே கேட்காது. பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி எடுக்க வந்த ஒரு பெண்ணிடம், முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, "இந்தச் சாயம் போயிடும்" என்று முணுமுணுத்துவிட்டாள். முதலாளி முறைத்தார். அந்தப் பெண் சிரித்தாள். மறுநாள் திரும்பி வந்து, "உன் குரலுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு அது போதும், வந்துடு" என்றாள். அவள்தான் நிறுவனத்தை நடத்துகிறவள். அன்றிலிருந்து இவளுக்கு அக்கா.

இலை வைக்கும் யோசனையும் அக்காவுடையதுதான். கூடவே ஒரு விதியும் போட்டாள்: உதிர்ந்த இலை மட்டும். மரத்தில் இருப்பதைத் தொடக் கூடாது. அதனால் கவரில் போவதெல்லாம் மஞ்சள் இலைகள். புதிதாகப் பணம் தரும் ஒவ்வொருவரிடமும் ரசீது அக்கா போனில் இதைச் சொல்வாள். "ஒரு இலைகூடப் பறிக்கிறதில்லைங்க. தானா விழுந்தது." சொல்லும்போது அவளுக்கே நெஞ்சு நிறைந்துவிடும்.

நாளடைவில் நானூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெரும்பாலும் சின்னத் தொகை தருகிறவர்கள். அவள் யாரிடமும் வாய் விட்டுக் கேட்டதில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். "ஊரே உங்கிட்ட பேசுது, நீ எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கற" என்று வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் அவள் கணவர் கேலி செய்வார்.

அந்த நானூறு பேரில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் நர்ஸம்மா. ஆபரேஷன் அறையில் நாற்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் அனுப்புவார், வந்த இலைகளுக்கு எண் போட்டு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். இன்னொருவர் படகுக்காரர். உல்லாசப் படகுகள் விடும் கம்பெனி அவருடையது. பிள்ளைகள் வரும் பேருந்து தன் கேட்டை மறிக்கிறது என்று சண்டை போடத்தான் முதலில் போன் செய்தார். ரசீது அக்கா அரை மணி நேரம் "ம்" கொட்டினாள். போனை வைப்பதற்குள், "சரி, உங்க பசங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டார். இரண்டே வருடத்தில் நிறுவனத்துக்கு அவரைவிடப் பெரிய கொடையாளி இல்லை என்றாகிவிட்டது. அக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்: "இவ பிடிச்ச மீன்."

போன வருடம் ஒரு வாரம், அக்கா தானே இரண்டு சாக்கு நிறைய இலை கொண்டுவந்து இறக்கினாள். எல்லாம் பச்சை.

"என்னக்கா, பச்சையா இருக்கு?"

"காத்துல விழுந்துச்சு. ராத்திரி என்ன காத்து அடிச்சுது, பாக்கல நீ?"

காற்று அடித்தது உண்மைதான். அவள் நம்பினாள். செய்தித்தாளுக்கு நடுவே இலைகளை அடுக்கி, மேலே தடித்த புத்தகங்களை ஏற்றினாள். எதற்குப் பச்சை என்று கேட்ட மூன்று பேருக்கு, "காத்துல விழுந்ததுங்க" என்று சொன்னாள். இரட்டை இலையோடு அழகாக இருந்த ஒரு கிளை நுனியைத் தேடியெடுத்து நர்ஸம்மாவுக்கு வைத்தாள்.

நான்காம் நாள் நர்ஸம்மா கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த இலை எப்படி விழுந்துச்சுன்னு சொன்ன?"

"காத்துலம்மா."

"காத்துக்குக் கையில கத்தி இருந்துச்சா? காம்பைப் பாரு. சாய்வா, ஒரே வெட்டு. நாப்பது வருஷம் வெட்டுப் பாத்தவகிட்டயே கதை விடறியே."

"இல்லம்மா, நிஜமாவே காத்துலதான்."

போனை வைத்த பிறகு சாக்கில் மிச்சமிருந்ததைக் கொட்டிப் பார்த்தாள். கிளை நுனிகள் எல்லாவற்றிலும் அதே வெட்டு.

யாரிடமும் சொல்லாமல் மறுநாள் இரண்டு பேருந்து மாறிக் கழிமுகத்துக்குப் போனாள். பதினோரு வருடத்தில் அங்கே அவள் போனது மூன்றே முறை. மேசையும் போனும்தான் அவள் இடம். பலகைப் பாதையின் கடைசியில் நின்று பார்த்தாள். கரையோரமாக ஒரு தெரு அகலத்துக்கு மரமே இல்லை. சேற்றில் வெளுத்த அடிக்கட்டைகள். குச்சி நட்டு நீலக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் புதுப் பலகை: இளையோர் இயற்கைக் கல்விப் படகுத்துறை. கீழே இரண்டு சின்னங்கள் அருகருகே இருந்தன. ஒன்று படகுக் கம்பெனியுடையது. இன்னொன்று அவள் தினமும் கடிதத் தாளின் தலையில் பார்ப்பது.

அலுவலகத்துக்கு வந்து, சேறு ஒட்டிய செருப்போடு அக்காவின் அறை வாசலில் நின்றாள். அக்கா செருப்பைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"அம்பது மரம் போச்சு, ஐநூறு நட்டுக்கலாம். அவர் இல்லன்னா ஏழு பேர் சம்பளம் எங்கேர்ந்து வரும்? உன் சம்பளமும் அதுலதான் இருக்கு."

"இலையை எதுக்குக்கா அனுப்பச் சொன்னீங்க?"

"வெட்டிக் கெடந்துச்சு. வீணாப் போக வேண்டாமேன்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அக்கா பேனாவை மூடி வைத்தாள். கோபமில்லாமல், பழைய பிரியத்தோடுதான் சொன்னாள். "உங்கிட்ட சொல்லியிருந்தா உன் குரல் காட்டிக் கொடுத்திருக்கும். உனக்குத்தான் பொய் வராதே. அதனாலதான் சொல்லல."

துணிக்கடை வாசலில் கேட்ட அதே வார்த்தை. பதினோரு வருடமாக அதைப் பதக்கம் மாதிரி உள்ளே மாட்டிக்கொண்டு திரிந்தவள் அவள்.

தன் இடத்துக்கு வந்தாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள் தானாகவே போனை எடுத்து நர்ஸம்மாவின் எண்ணைப் போட்டாள்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. வெட்டினதுதான். படகுத்துறைக்காக. இன்னைக்குதான் போய்ப் பாத்தேன். எனக்குத் தெரியாதும்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது.

"தெரியாதுன்னு சொல்ற."

"நிஜமா தெரியாதும்மா."

"நேத்து காத்துலன்னு சொன்னியே, அப்பவும் 'நிஜமா'ன்னுதான் சொன்ன. குரலும் இதேதான். நான் எதைம்மா நம்பறது?"

நர்ஸம்மா திட்டவில்லை. "வச்சிடறேன்" என்று மட்டும் சொன்னார்.

காற்று என்று அவள் சொல்லியிருந்த மற்ற மூன்று பேரையும் அன்றே கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். ஒருவர் படகு எப்போது விடுவார்கள், பேரனைக் கூட்டி வரலாமா என்று விசாரித்தார். ஒருவர் இனி கூப்பிட வேண்டாம் என்றார். மூன்றாமவருக்கு இலை பச்சையாக வந்ததே நினைவில் இல்லை. மிச்சம் நானூறு பேர் கேட்கவே இல்லை. அவர்களிடம் தானாகப் போய்ச் சொல்லும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை. அது இன்றும் அவளை உறுத்துகிறது.

"விட்டுட்டு வந்துடு" என்றார் கணவர். "வந்து?" என்றாள். பட்டறையில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியிருந்த நேரம். அவர் கை நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

போன் வேலை வேண்டாம், ரசீது எழுதுவது மட்டும் போதும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா மறுக்கவில்லை.

இப்போது படகுத்துறை திறந்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் படகில் போய் மரங்களைப் பார்க்கிறார்கள். போனை வேறொரு பெண் எடுக்கிறாள், நன்றாகச் சத்தமாகப் பேசுகிறாள். ரசீது அக்கா பின்னறையில் ரசீது எழுதுகிறாள். அக்காவை மேடம் என்று கூப்பிடுகிறாள். கவரில் இலை வைப்பதில்லை. நர்ஸம்மாவின் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அவரிடமிருந்து எதுவும் வருவதில்லை.