திறந்து கிடந்த குழாய்

படகுத்துறையில் வேன் நின்றதும் நாங்கள் முதலில் இறக்கியது தண்ணீர்க் கேன்களைத்தான். இருபது லிட்டர் கேன் மூன்று, அது போதாதென்று ஆளுக்கொரு பாட்டில். கூட வந்த டூர் கைடு சிரித்துவிட்டார். "அம்மா, நாம ஆத்துக்குள்ள போகப் போறோம். நாலு பக்கமும் தண்ணிதான்" என்றார். ராஜபாளையத்துக்காரர்கள் தண்ணீர் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் செங்கோட்டைக்காரர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் எங்கே இருக்கப் போகிறது.

போன புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் ஊரிலிருந்து கிளம்பி, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய், அங்கே படகேறி, காயலைக் கடந்து கல்லடா ஆற்றுக்குள் நுழைந்து, மன்றோ தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுகிற ஒருநாள் டூர். எனக்கு ஆறும் தீவும் பார்க்கிற ஆசை ஒன்றும் இல்லை. என்னிடம் நைட்டி தைக்கிற நான்கு பெண்களை எங்காவது கூட்டிப்போகிறேன் என்று ஆடிமாதம் ஏதோ ஒரு சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவர்கள் என்னை விடவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. பதினைந்து வருடம் தளவாய்புரத்து முதலாளிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தவள் நான். அந்தத் தீபாவளிக்குத்தான் முதல்முறையாகச் சொந்தமாகத் துணி எடுத்து, சொந்தமாக வெட்டி, இவர்களை வைத்துத் தைத்தேன். மதுரையில் ஒரு கடைக்காரர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். திங்கட்கிழமை பார்சல் போட வேண்டும். அத்தனை நைட்டியும் இஸ்திரி போட்டு, பத்துப் பத்தாகக் கட்டி, வீட்டு முன்னறைத் தரையில் பழைய சேலையை விரித்து அடுக்கியிருந்தது. நடக்க ஒரு ஆள் வழி விட்டிருந்தோம், அவ்வளவுதான்.

படகு நன்றாகவே இருந்தது. மேலே கூரை, இரண்டு பக்கமும் நாற்காலி. கைடு மைக்கை விடவே இல்லை. இடது பக்கம் சீனவலை, வலது பக்கம் நீர்க்காகம், இதோ கயிறு திரிக்கிற வீடு, அதோ இறால் பண்ணை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கை நீட்டிய பக்கமெல்லாம் எல்லாரும் திரும்பினோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரிமீன் பொரித்து வைத்திருப்பதாகப் பெருமையாக அறிவித்தார். என் நால்வரில் மூத்தவள் எழுந்து, "அண்ணே, புரட்டாசி சனிக்கெழமையில மீனா? எங்களுக்கு ரசம் இருந்தாப் போதும்" என்றாள். கைடு மைக்கை அணைத்துவிட்டு யாருக்கோ போன் போட்டார்.

ஆறு ஒடுங்கி வாய்க்கால் மாதிரி ஆனது. தென்னைகள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. வீடுகளின் வாசலில் பைக்குக்குப் பதிலாகத் தோணி கட்டிக் கிடந்தது. ஓரிடத்தில், கரையோரத் தெருக்குழாயின் கீழே ஒரு பெண் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. அவளுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன கூத்து?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ஆத்துத் தண்ணி உப்பும்மா. கடல் உள்ள ஏறிருது. குடிக்கிறதுக்குக் குழாயில வந்தாத்தான் உண்டு" என்றார் கைடு.

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. என் வீட்டுக் குழாயை நான் அடைக்கவில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் வாரம் ஒருமுறை வரும். சில வாரம் அதுவும் தள்ளிப்போகும். எந்த நேரத்தில் வரும் என்று விடுகிற ஆளுக்கே தெரியாது. அதனால் முறை நெருங்கிவிட்டால் குழாயைத் திறந்தே போட்டிருப்போம். குழாய்க்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருப்போம். முதலில் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு தட்டில் சடசடவென்று விழும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவோம். தூக்கத்தில் செத்துப்போனவர்கள்கூட எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்வார்கள். வேகம் இல்லாத தண்ணீருக்காகத் தரையைத் தோண்டிக் குழாயை இறக்கியிருக்கிற குழி எங்கள் வீட்டில் வாசற்படிக்கு உள்ளேயே இருக்கிறது. வியாழக்கிழமை வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. ஆகச் சனிக்கிழமை வந்தே தீரும். குழி நிறைந்தால் தண்ணீர் நேரே முன்னறைக்குத்தான் போகும். நான் விடியற்காலை இருட்டில் அந்தக் குழியைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். கதவைப் பூட்டினேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். குழாயைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். மகள் சென்னையில். வீட்டுக்கு இன்னொரு சாவி இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. எதிர்வீட்டு அக்கா வீடு.

அந்த அக்காவும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பத்து வருடம் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம். சாவி அப்போது கொடுத்தது. பிறகு அவர்கள் வீட்டில் தெருக்குழாய் லைனில் நேராக மோட்டார் மாட்டினார்கள். அது ஓடும்போது எங்கள் குழாயில் காற்றுதான் வரும். ஒருநாள் பொறுக்காமல் நான் நகராட்சிக்குப் போன் போட்டேன். ஆட்கள் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் அக்கா என் வாசலில் வந்து நின்று, "நீயா சொன்ன?" என்று கேட்டார். "நானில்ல" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "எம்மேல எப்படிச் சந்தேகப்படலாம்" என்று நானே கோபித்துக்கொண்டு கதவையும் சாத்தினேன். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன். இன்னும் தண்ணீர் வந்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன். வந்திருந்தாலும் மெதுவாகத்தான் வரும், வாசல் பக்கம் தரை கொஞ்சம் சரிவு என்றும் சொல்லிக்கொண்டேன். தரை முன்னறைப் பக்கம்தான் சரிவு என்பது எனக்குத் தெரியும். தினமும் கழுவிவிடுகிறவள் நான்தானே. முன்னால் நான்கு பெண்களும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இந்தக் கூலியில்தான் மகளைத் தலைதீபாவளிக்கு அழைக்க வேண்டும். அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நிஜத்தைச் சொன்னால், நைட்டி நனைவதைவிட அக்காவுக்குப் போன் போடுவதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கைடு காட்டிய கொக்குகளையெல்லாம் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு எழுந்து, படகின் பின்பக்கம் எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"அக்கா, நான் எதிர்வீட்டுல..."

"போன்ல பேரு வருது."

"கேரளாவுக்கு வந்திருக்கேன். குழாயத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்க்கா."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"துணியெல்லாம் கீழயா கெடக்கு?"

"ஆமாக்கா."

அக்கா போனை வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, போடி என்றும் சொல்லவில்லை. கால்மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அப்புறம் மூன்று தடவை. எடுக்கவே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றதெல்லாம் டூர்க்காரர் சொன்னபடி நடந்தது. வாழையிலையில் சோறு, ரசம், அவியல். ஒரு ஆலமரத்தடியில் குரூப் போட்டோ. அதில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். திரும்பும்போது வேனில் பெண்கள் பாட்டுப் பாடினார்கள். மூத்தவள் என் தோளில் சாய்ந்து, "மதினி, அடுத்த வருசம் கடல் பாக்கப் போவோம்" என்றாள். போவோம் என்றேன். சேத்தூர் தாண்டும்போது மழை பெய்யவில்லை என்பதைக்கூட ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

வேன் தெருமுனையில் இறக்கிவிட்டபோது ஏழரை மணி. பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஈரம் இல்லை. அதனால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தமில்லை. எல்லாம் உள்ளேயே போயிருக்கலாம். என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

தரை காய்ந்திருந்தது. நைட்டிக் கட்டுகள் ஒன்றுகூடத் தரையில் இல்லை. மிஷின்கள் மேலும், கட்டில் மேலும், டிவி மேலும் ஏறியிருந்தன. குழாய்க்குழிக்குப் பக்கத்தில், நாங்கள் கொக்கி தைக்க உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூலில் எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு கால் நீட்டியிருந்தது. கையில் ஓஸ் பைப்பின் நுனி. இன்னொரு முனையை என் டிரம்முக்குள் விட்டிருந்தார்.

"வரல" என்றார், என்னைப் பார்த்ததும். "மூணு தடவ காத்து மட்டும் வந்துச்சு."

"போன் எடுக்கலையேக்கா."

"அது வீட்டுல சார்ஜ்ல கெடக்கு."

"குழாய அடைச்சுட்டுப் போயிருக்கலாம்லக்கா."

"அடைச்சுட்டுப் போனா? தண்ணி வந்தா எவ பிடிப்பா? பொறவு அடுத்த வாரம் வரைக்கும் நீ என்ன செய்வ?"

அப்போதுதான் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு துளசி மாலை வெளியே தெரிந்தது. வாடிக் கருத்திருந்தது. அக்கா மஞ்சள் சேலை கட்டியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்கு, வெளியூர்க்காரர்கள் நினைக்கிற திருவண்ணாமலை இல்லை, எங்கள் பக்கத்து மலைமேல் பெருமாளுக்கு, புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் போவதாக அவருக்கு ஒரு நேர்ச்சை. மகனுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததற்காக. தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். மத்தியானச் சாப்பாடு முடித்து ஒரு மணி பஸ்ஸுக்குப் போவார். அன்றைக்குக் கடைசிச் சனி. நான் கூப்பிட்டபோது கேட்டது அந்தப் பையைக் கீழே வைத்த சத்தம்.

"அக்கா, மலைக்குப் போகலையா?"

"பெருமாள் எங்க போயிறப் போறாரு" என்றார். "தண்ணின்னா போயிரும்லா."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு முழங்கால் வலி. மோட்டார் போனதிலிருந்து அவர் குழிக்குள் குனிந்து கையால் மொண்டுதான் டிரம்மை நிரப்புகிறார். அதை இரண்டு வருடமாக என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி திரும்பியும் இருக்கிறேன்.

"அக்கா, அன்னைக்கு நகராட்சிக்குப் போன் போட்டது நாந்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கழட்ட வந்தவனே சொல்லிட்டான். பொறவுதான உங்கிட்ட வந்து கேட்டேன்." நீட்டிய காலை மெல்ல மடக்கினார். "போன் போட்டதுக்கா பேசாம இருந்தேன்? எந்தண்ணிய ஒருத்தி இழுக்கான்னா நானும் போன் போட்டிருப்பேன். மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொன்னேல்லா. அதுக்குத்தான் ஏட்டி."

ஏட்டி என்று அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, ஓஸை என் கையில் கொடுத்தார்.

"அடைச்சுராத. விடியறதுக்குள்ள வந்தாலும் வரும். வந்தா எனக்கு ஒரு சத்தம் குடு."

தாழ்ப்பாளில் இருந்த பையை எடுத்து, சேலை முந்தானையில் முடிந்திருந்த என் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.