கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள்

எங்கள் விடுதியில் அவளுக்கு விண்ணப்பம் என்று பெயர். வைத்தவன் நான். அதற்காக அவளிடம் வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது.

பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான விடுதி அது. நடத்தியவரைப் பெரியம்மா என்போம். அவர் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் முற்றிப்போன கேஸ். "மனுஷங்ககிட்ட கையேந்தக் கூடாது. எது வேணும்னாலும் ஆண்டவர்கிட்ட கேளுங்க" என்பார். பார்க்க வருகிறவர்களிடம் ஒரு பென்சில் கேட்டால்கூடத் தோலை உரித்துவிடுவார்.

இந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையை விண்ணப்பம் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். விருந்தாளிகள் வந்தால், சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஆண்டவரே, குளியலறை வாளி ஓட்டை. போன வாரமே சொன்னேன், மறந்துட்டீங்க போல. சிவப்பு வாளியா இருந்தா நல்லது. மார்க்கெட் மூலைக் கடையில கிடைக்குது."

மறுநாள் சிவப்பு வாளி வந்து இறங்கும். பெரியம்மா கண் கலங்கி வானத்தைப் பார்ப்பார். நாங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்போம். இப்படியே மின்விசிறி வந்தது, கால்பந்து வந்தது, பெரியம்மாவின் முழங்காலுக்குத் தைலம்கூட வந்தது. ஒரே தொல்லை, அவள் முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போய்விடும். ஒரு கண்ணைத் திறந்து தட்டையே பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான்.

வந்த விசிறியை மாட்டியவளும் அவள்தான். சுவிட்ச் எங்கே புகைந்தாலும் ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்பாள். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படிக்க வேண்டும் என்று ஆசை. இடமும் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டத்தான் வழியில்லை. பள்ளிக்கூடம் முடிந்தால் விடுதியும் முடிந்தது. அவளுக்கு முன்னால் போன அக்காக்கள் எல்லாரும் துணிக் கம்பெனியில் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குடைக் கம்பெனி முதலாளி விடுதிக்கு வந்தார். ஏழைப் பிள்ளைகள் நாலு பேரைப் படிக்க வைத்த மனிதர்.

"இன்னைக்கு உனக்குன்னு கேளுக்கா" என்றேன்.

"விட்டுடுவேனாடா?"

கண்ணை மூடினோம். "ஆண்டவரே..." என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. எல்லாருக்கும் கேட்ட வாய்க்குத் தனக்கென்று கேட்க வரவில்லை. தொண்டையைச் செருமினாள். மறுபடியும் செருமினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆண்டவரே, எங்க அக்காவைப் படிக்க வைங்க! இவ ஜெபத்துல நாங்க சூடா ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்ல, அதுக்காகவாவது அனுப்பி வைங்க!"

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "மின்சாரப் படிப்பு ஆண்டவரே! தையல்னு மாத்திடாதீங்க!" என்றாள்.

"எனக்கு ஒரு சைக்கிள்!" என்றது ஒரு வாண்டு. யாரோ அதன் தலையில் தட்டினார்கள். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி எல்லாரும் சேர்ந்து கத்தினோம்.

ஓய்ந்ததும் முதலாளி கண்ணைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"ஜெபத்துக்கு முன்னாடி இதைக் கழட்டிடுவேன். ஆண்டவரும் நானும் மட்டும் இருக்கணும் பாருங்க" என்றவர், எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அமைதியான பிள்ளைங்க!"

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சாப்பிட்டார், கை கழுவினார், செருப்பை மாட்டினார். விண்ணப்பம் தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள். வழியனுப்ப வாசல்வரை போன பெரியம்மா திரும்பி அவளைப் பார்த்தார். நின்று பார்த்தார். அப்புறம், காதில் மெஷின் இருப்பதே மறந்துபோய், முதலாளியின் காதருகே போய்க் கத்தினார்.

"ஐயா! இந்தப் பொண்ணைப் படிக்க வைங்க! உங்ககிட்டதான் கேக்கறேன், உங்ககிட்ட!"

முதலாளி காதைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்தார். "மெதுவாம்மா! காது போயிடும்! என்ன படிக்கணுமாம்?"

"அவளையே கேளுங்க!"

விண்ணப்பம் கையில் எச்சில் தட்டோடு, கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள். "மின்சாரம் படிக்கணும் ஐயா. எனக்கு."

"அவ்வளவுதானே? திங்கட்கிழமை வா, கட்டிடலாம்" என்று காதைத் தேய்த்துக்கொண்டே போனார்.

பெரியம்மா வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, "மனுஷன்கிட்ட கேட்டுட்டேனே" என்று தேம்பித் தேம்பி அழுதார். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறோம். எங்களுக்காக யாரும் தொண்டையைத் திறந்ததில்லை. அன்றைக்கு விண்ணப்பத்தின்மேல் எங்கள் எல்லாருக்கும் பொறாமையாக இருந்தது.

விண்ணப்பம் படித்து முடித்தாள். இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மின்சாரம் அவள் பொறுப்பு. பெரியம்மாவோ அன்று திறந்த வாயை மூடவேயில்லை. ஒவ்வொருவர் படிப்புக்கும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். என் முறை வந்தபோது, ஒரு அரிசி மில் வாசலில் நின்று, "எம் பிள்ளையைப் படிக்க வைக்கணும்" என்று கத்தினார். வெட்கமில்லாமல், பக்கத்தில் நின்று நான் அழுதேன்.