ரெண்டைக் கழிச்சிக்கோ

பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டில் ஜோதிலட்சுமியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை. மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். இந்த ஆள் வாங்காமல் போக மாட்டார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் விலை இறங்காது. தான் ஒன்றை வாங்கப் போனாலும் அப்படித்தான், திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். "இந்தாளு ஒருத்தரத்தான் பாக்காம வாங்கிட்டேன்" என்று புருஷனைக் காட்டி அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஆள் முருகையன். சீனிவாசபுரத்திலிருந்து ஃபைபர் கட்டுமரத்தில் தனியாகக் கடலுக்குப் போகிறவன். கூட வர ஆள் கிடைக்காமல் இல்லை. ஒருத்தன் கூட வந்தால் மீன் இருக்கும் இடம் அவனுக்கும் தெரிந்துபோகுமே, அதனால்தான்.

அந்தக் கரையில் ஒரு மரியாதை உண்டு. எங்கே மீன் பட்டது என்று கேட்டால் பதில் சொல்லாமல் போகக் கூடாது, அது திமிர். கேட்டவன் உண்மையான பதிலை எதிர்பார்க்கவும் கூடாது, அது பேராசை. எல்லாரும் எல்லாரிடமும் கொஞ்சம் தள்ளித்தான் சொல்வார்கள், யாரும் அதைப் பொய்யில் சேர்ப்பதில்லை. முருகையன் மட்டும் இந்த மரியாதையை அளவுக்கு மீறிக் காப்பாற்றினான். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எங்கே வலிக்கிறது என்று கேட்ட டாக்டரிடமே அவன் சட்டென்று பிடி கொடுக்கவில்லை என்பது ஜோதியின் புகார்.

முன்பெல்லாம் அவன் செல்போனில் வழி பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் போனில் உப்புத்தண்ணீர் ஏறி அது செத்துப்போனது. பனிமூட்டத்தில் கரை தெரியாமல் எங்கெங்கோ அலைந்து கோவளம் பக்கம் போய் ஒதுங்கினான். அந்த ஒரு நாள் மணலில் உட்கார்ந்து காத்திருந்ததே ஜோதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனாள்.

கடையை நடத்தியது கைசர் ஜஹான் என்ற அம்மாள். கலர் திரை வைத்த ஜிபிஎஸ் ஒன்றை எடுத்து வைத்தாள். தொட்டால் நகர்கிறது, வரைபடமெல்லாம் காட்டுகிறது. முருகையன் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டான். ஜோதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்துத் திரையில் வைத்தாள். அது அசையவில்லை.

"கடல்ல கை காய்ஞ்சிகினா இருக்கும்? சரி, கடலக் காட்டு பாப்போம்."

கைசர் ஜஹான் காட்டினாள். திரை முழுக்க நீலம்.

"கடலு நீலமா கீதுன்னு எனக்கே தெரியும்க்கா. இதுக்கா இம்மாம் வெல?"

கடைசியில் ஜோதியின் கை போய் நின்றது இருப்பதிலேயே மலிவான ஒன்றில். சோப்பு டப்பா அளவுக்குத் தடி, சாம்பல் நிறத் திரை, அழுத்தினால் கட்டைவிரலுக்குத் தெரிகிற பொத்தான்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். கடைக்குள் அதற்கு சாட்டிலைட் கிடைக்கவில்லை. தெருவுக்கு எடுத்துப் போய் வானம் தெரியும் இடம் தேடி நடுரோட்டில் நின்றாள். ஆட்டோக்காரர் ஒருவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். அவள் நகரவில்லை. திரையில் எண்கள் வந்த பிறகுதான் உள்ளே வந்தாள். வந்தவள் ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். கைசர் ஜஹான் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கொண்டுவந்து வைக்க, ஜோதி அதை அப்படியே முக்கிவிட்டாள். எடுத்தபோது எண்கள் அங்கேயே இருந்தன.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் கடைக்கார அம்மாள், பெருமூச்சு விட்டு.

பேசுவதற்கு மட்டும் ஒரு சாதா போனும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது ஜோதி ஒரு நிபந்தனை போட்டாள். "தெனமும் வல போட்டதும் எனக்குப் போன் பண்ணி நீ எங்க கீறேன்னு சொல்லணும். இதுல என்ன நம்பரு காட்டுதோ அத்த அப்பிடியே."

முருகையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மார்க்கெட்டில் ஜோதியின் கையெல்லாம் செதிலும் ரத்தமுமாக இருக்கும். அவள் போன் ஐஸ் பெட்டி மூடியின் மேல் கிடக்கும், ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சுற்றிலும் காதுகள். அதில் மிக நெருக்கமான காது மதிவாணனுடையது. அவன் ஜோதியின் தம்பி, அவனுக்கும் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. கடலிலிருந்து வந்ததும் அக்காவுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். மச்சானிடம் காதைப் பொத்திக்கொள் என்று முருகையனால் சொல்ல முடியுமா?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஜிபிஎஸ் திரையில் இரண்டு வரி இருக்கும். மேல் வரி வடக்கு தெற்குக்கு, கீழ் வரி கிழக்கு மேற்குக்கு. மேல் வரியில் பதிமூன்று என்பது அவன் வலை போடும் கடல் முழுக்க மாறாது. அதற்கு அடுத்த எண்தான் விஷயம். அது ஒன்று கூடினால் ஒரு மைல் வடக்கே போனதாகக் கணக்கு.

"அந்த நம்பரோட ரெண்டு கூட்டிச் சொல்றேன். நீ மனசுக்குள்ள ரெண்ட கழிச்சிக்கோ. எனக்கு எதுனா ஆச்சின்னா அங்க ஆள அனுப்பு. வேற யாருக்கும் தெரியக் கூடாது, உன் தம்பிக்கும்தான்."

அவன் இருக்கும் இடம் தனக்குத் தெரிந்தால் போதும் என்று ஜோதி ஒப்புக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. கடவுளுக்கே பிடி கொடுக்காத மனுஷன் தனக்கு மட்டும் கொடுத்திருக்கிறானே!

தினமும் போன் வரும். "பதிமூணு..." என்பான். அடுத்த எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. கூட்டுகிறான் என்று அவளுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், ரெண்டைக் கூட்டுவதற்கும் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அது சிரிப்பாக இருக்கும், பாசமாகவும் இருக்கும்.

மதிவாணன் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு மறுநாள் அங்கே போவான். ஒன்றும் அகப்படாது. ஒருமுறை கடலடிப் பாறை மேல் வலையை விட்டு, கிழித்துக்கொண்டு வந்தான். கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு, "மாமாவுக்குப் படுது, எனக்குப் பட மாட்டேங்குதுக்கா. என் ராசி அவ்ளோதான்" என்றான். ஜோதி மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரவு சோறு போடும்போது, தம்பிக்காவது நிஜத்தைச் சொல்லலாமே என்றாள். முருகையன், "கேட்டா தள்ளித்தான் சொல்வாங்கன்னு அவனுக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டான். அந்நியர் தள்ளிச் சொல்வார்கள் என்று தம்பிக்குத் தெரியும். அக்காவின் ஐஸ் பெட்டியிலிருந்து வருவதையும் அப்படி எடுத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

சென்ற மார்கழியில் புயல் சின்னம் என்று சொல்லிப் படகுகளையெல்லாம் மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். யாரும் போகாத நாளில் கொண்டுவரும் மீனுக்குத் தனி விலை. முருகையன் சொல்பேச்சு கேளாமல் கிளம்பிவிட்டான். வலை போட்டதும் வர வேண்டிய போன் வரவில்லை. மத்தியானம் சாய்ந்த பிறகுதான் வந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்.

"ஜோதி, மரம் ஒடஞ்சி தண்ணி ஏறுது. எஞ்சின் போச்சி. நங்கூரம் போட்டுகினு கீறேன். எழுதிக்கோ. பதிமூணு... மூணு. கீழ எண்பது, இருபத்தொண்ணு..."

அத்தோடு குரல் அறுந்தது. திரும்ப அடித்தால் போகவில்லை.

மதிவாணன் ஐஸ் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். கேட்ட எண்ணைத் தன் ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டே கரைக்குப் போனான். நாலு பேர் சேர்ந்து அவன் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். யாரோ கடலோரக் காவல்படைக்கும் போன் போட்டார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இந்த அலையில் இருட்டுவதற்குள் ஓர் இடத்தைத்தான் தேட முடியும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் மூழ்கிக் கிடக்கும் கட்டுமரம் கண்ணுக்குத் தெரியாது.

ஜோதியும் தம்பி பின்னாலேயே கரைக்கு ஓடி வந்திருந்தாள். மூணா, ஒண்ணா? சாகக் கிடக்கிறவன் ரெண்டைக் கூட்டிக்கொண்டா இருப்பான்? பயத்தில் கண்ணில் பட்டதை அப்படியே படித்திருக்க மாட்டானா? மூணு என்பதே நிஜமாக இருந்து அவள் ஒண்ணு என்று சொன்னால், அவனைக் கொன்றவள் அவளே. ஆனால் பதிமூணுக்கும் மூணுக்கும் நடுவே அந்த இடைவெளி இருந்தது. அலை அடித்து வாய்க்குள் தண்ணீர் போனதாலும் இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் தினமும் கேட்டுப் பழகிய காது அவளுடையது.

"மதி, நில்லுடா! மூணு இல்ல. ஒண்ணு."

"இன்னாக்கா சொல்றே? நான்தான் கேட்டேனே, மூணுன்னுதான் சொன்னாரு."

"ரெண்டு கூட்டித்தான்டா சொல்வாரு."

படகைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"எப்பவுமா?" என்றான் மதிவாணன்.

"எப்பவும்."

அவன் அவளையே பார்த்தான். கிழிந்த வலை அவன் கண் முன்னால் வந்தது அவளுக்குத் தெரிந்தது. "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டான். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"இந்த நேரத்துலயுமா கூட்டியிருப்பாரு?"

"கூட்டியிருப்பாரு. எனக்கு அந்தாளத் தெரியும். ஒண்ணுக்கே போடா. வந்து என்ன அடிச்சிப் போட்டுடு."

மதிவாணன் பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றினான். படகு அலையில் ஏறி இறங்கித் தெற்கே திரும்பியது. அப்புறம் அவள் மணலில் உட்கார்ந்து அழுதாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் ஒரு பக்கம். உயிர் போகும் நேரத்திலும் தம்பியை ஏமாற்றத்தான் பார்த்திருப்பான் என்று புருஷனைப் பற்றித் தான் நம்பியது இன்னொரு பக்கம். அது பொய்யாகிவிட வேண்டும் என்று அவளால் வேண்டிக்கொள்ளக்கூட முடியவில்லை.

வானம் மங்கி வரும்போது படகு திரும்பியது. உள்ளே இரண்டு தலை. முருகையன் நடுங்கிக்கொண்டு இறங்கினான். அந்த மலிவு ஜிபிஎஸ் கயிற்றோடு கழுத்தில் தொங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுலதான் இருந்தாரு" என்றான் மதிவாணன் தரையைப் பார்த்து. படகை மேட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜோதி ஓடிப்போய்ப் புருஷனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தோளுக்கு மேலே, சுற்றி நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியா?" என்று காதோடு கேட்டான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் திரும்பக் கடலிலேயே தள்ளியிருப்பாள். தள்ளவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள்.

கடலிலிருந்து இழுத்து வந்த மரத்தைப் பழுதுபார்த்து அவன் மறுபடி தொழிலுக்குப் போனபோது, அவனுடைய இடங்களில் எல்லாம் படகுகள் நின்றன. பழைய எண்கள் பலர் ஞாபகத்திலும் இருந்தன. ரெண்டைக் கழிக்கத் தெரியாதவர் யார்? மதிவாணன் மட்டும் அங்கே போகவில்லை. ஐஸ் உடைக்கவும் வரவில்லை. இப்போது ஜோதி தானே உடைத்துக்கொள்கிறாள்.

போன் மட்டும் வழக்கம்போல வந்தது. ஜோதி கையைப் புடவையில் துடைத்து, ஸ்பீக்கரை நிறுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"ரெண்ட கழிக்கணுமாய்யா?"

"வாணாம். இனிமே அதெல்லாம் இல்ல. நெசமான நம்பரத்தான் சொல்லப்போறேன். எழுதிக்கோ. பதிமூணு..."

ஒரு சின்ன இடைவெளி.

"...நாலு."

"எத்தினி கூட்டுனே?" என்றாள் ஜோதி.

"இன்னாத்த கூட்டுனேன்? திரைல கீறதச் சொல்றேன். மீனுக்கு ஆள் வந்துகினு இருக்கும், போய் வேலயப் பாரு."

போனை வைத்துவிட்டான். கறுத்த மேகம் ஒன்று கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி ஐஸ் பெட்டியின் மூடியில் ஈர விரலால் நாலு என்று எழுதினாள். அதிலிருந்து எவ்வளவு கழித்தால் புருஷன் கிடைப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை.